62 ரன்னும் வளைந்து இறங்கும் மட்டையும்: ஹாஷிம் ஆம்லாவின் முதல் 2 ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருந்தபோது அடுத்த வீட்டு அங்கிள் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். கடைக்கணக்கு எழுத வாங்கியது. பாதியில் கடையை மூடிவிட்டதால் மீதிப் பக்கங்களில் கிரிக்கெட் ஏறிவிட்டது. அதில் ஒரு பக்கத்தின் உச்சியில் ‘ஆம்லா’ என்று எழுதி, கீழே 24, 2, 1, 0 என்று நான்கு எண்கள். அடுத்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 35. ஆக 3 டெஸ்ட், 6 இன்னிங்ஸ், 62 ரன். சராசரி பத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அதற்குக் கீழே பக்கம் காலி.

இதே ஆள்தான் பிற்பாடு 124 டெஸ்டில் 9,282 ரன் குவித்தார், 28 சதம் அடித்தார், 2012-ல் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 எடுத்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் எழுத நினைப்பது அந்த 62-ஐப் பற்றி. ஏன் அவ்வளவு குறைவு என்பதைவிட, அந்தக் குறைவை இந்த நாடு எப்படிப் படித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் ‘ஆம்லா நம்ம ஆளா?’ என்று கேட்பதுண்டு. தமிழர் இல்லை. 1983 மார்ச் 31-ல் டர்பனில் பிறந்தவர், குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தின் வழி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர். குஜராத்திகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால், சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி வியாபாரத்துக்கு வந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் உண்டு, கொஞ்சம் உரசலும் உண்டு. ஆனால் நிறவெறி அரசின் கணக்கில் எல்லோருக்கும் ஒரே பெயர்: ‘இந்தியர்’. 1950-ன் குழுப் பகுதிச் சட்டம் வந்தபோது நகருக்குள் குடியிருந்தவர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் போட்டார்களே, அப்போது யாரும் தாய்மொழி எது என்று விசாரிக்கவில்லை. அதனால் காவடிக்கு அலகு குத்திக்கொள்ளும் அங்கிளுக்கும் ஆம்லா ‘எங்க பையன்’தான்.

அங்கிள் வாலிபத்தில் வேகப்பந்து வீசியவர். கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் ஆடியிருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இரண்டு கிரிக்கெட் இருந்தது. ஒன்று வெள்ளையருடையது. அதற்குத்தான் டெஸ்ட், அதற்குத்தான் புல்தரை, அதற்குத்தான் பத்திரிகை. இன்னொன்று மற்றவர்களுடையது, பாய் விரித்த ஆடுகளத்தில். ‘அசாதாரணமான சமூகத்தில் சாதாரண விளையாட்டு கிடையாது’ என்று வெள்ளையரல்லாதோர் கிரிக்கெட்டின் தலைவர் ஹசன் ஹோவா சொன்னதை இங்கே பெரியவர்கள் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார்கள். வெள்ளையரோடு சேர்ந்து ஆடினால் துரோகம், ஆடாவிட்டால் எதிர்காலம் இல்லை. டர்பன் சுழல்பந்து வீச்சாளர் பாபு இப்ராஹிம் போன்றவர்கள் டெஸ்ட் தொப்பி அணியாமலே ஓய்வு பெற்றது இப்படித்தான். அங்கிள் அவர் பந்துவீச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆன்ட்டி காப்பியை மறுபடி சூடு பண்ண எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

1991-ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. 1992 நவம்பரில் இந்திய அணி இங்கே வந்து முதல் டெஸ்டை டர்பன் கிங்ஸ்மீடில் ஆடியது. ஜிம்மி குக்கை முதல் பந்திலேயே கபில் தேவ் வெளியேற்றினார். பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்டிலேயே 103 அடித்தார். அரங்கில் இருந்த இந்திய வம்சாவளியினரில் பெரும்பகுதி கத்தியது இந்தியாவுக்காக. காரணம் எளிது. எதிரே ஆடிய அணியில் தங்கள் சாயலில் ஒரு முகம்கூட இல்லை. அந்த டெஸ்டில்தான் வெள்ளையரல்லாத ஓமர் ஹென்றி முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடினார். அப்போது அவருக்கு வயது 40. இந்திய வம்சாவளியில் ஒருவர் வர இன்னும் 12 ஆண்டு பிடித்தது.

ஏன் 12 ஆண்டு? சட்டம் ஒரே நாளில் மாறும், ஆடுகளம் மாறாது. இந்த நாட்டில் டெஸ்ட் பேட்ஸ்மேன் என்பவர் பெரும்பாலும் ஒரு சில பழைய பள்ளிகளின் விளைச்சல். பராமரித்த புல்தரை, முழுநேரப் பயிற்சியாளர், வாரக் கடைசியில் 50 ஓவர் ஆட்டம், பத்து வயதிலிருந்து இதெல்லாம் கிடைத்தால்தான் எகிறும் பந்தைப் பார்த்துக் கண் பழகும். சாட்ஸ்வொர்த்துப் பையனுக்குக் கிடைத்தது சிமென்ட் தரையும் டென்னிஸ் பந்தும். ஆம்லா படித்தது டர்பன் ஹை ஸ்கூலில். பேரி ரிச்சர்ட்ஸும் லான்ஸ் குளூஸ்னரும் படித்த பள்ளி. ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் அந்தக் கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். திறமை அவருடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கதவு திறந்த சரியான நேரத்தில் வாசலில் நிற்கிற வயதும் அவருக்கு இருந்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 2002-ல் நியூசிலாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்குத் தலைமை தாங்கி இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. 21 வயதில் டர்பனின் உள்ளூர் அணியான டால்ஃபின்ஸின் கேப்டன். 2004-05 சீசனின் தொடக்கத்தில் 8 இன்னிங்ஸில் 4 சதம். இந்த நான்கு சதத்தின் எடையைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த சீசனில்தான் பழைய மாகாண அணிகளைச் சுருக்கி 6 தொழில்முறை அணிகளாக்கினார்கள். நாடு முழுக்க ஒரு நேரத்தில் 66 பேருக்குத்தான் இடம். எளிதான பந்துவீச்சு என்று ஒன்று மிச்சமில்லாத சமயத்தில் வந்த சதங்கள் அவை.

தேர்வாளர்கள் கூப்பிட்டார்கள். 2004 நவம்பர் 28, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். இந்திய வம்சாவளியில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடும் முதல் ஆள், இந்தியாவுக்கு எதிராக, இந்தியாவில் அறிமுகமாகிறார். சாட்ஸ்வொர்த்தில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு விசித்திரமான சங்கடம். 1992-ல் இந்தியக் கொடி ஆட்டியவர்கள் இப்போது எந்தப் பக்கம்? அங்கிளின் தீர்வு சுலபமானது: ‘ஆம்லா ஆடும்போது சவுத் ஆப்பிரிக்கா, அவன் அவுட் ஆனா இந்தியா.’ முதல் இன்னிங்ஸில் 24 ரன்வரை தென்னாப்பிரிக்கா, அப்புறம் இந்தியா. இரண்டாவதில் அந்த மாற்றம் சீக்கிரமே வந்துவிட்டது: 2. ஹர்பஜன் 7 விக்கெட் அள்ளினார், இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

அடுத்த மாதம் இங்கிலாந்து வந்தது. கிங்ஸ்மீடில் டிசம்பர் 26-ல் தொடங்கும் டெஸ்ட். அங்கிள் என்னையும் புல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, உள்ளே குடைந்த ரொட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய ‘பன்னி சவ்’. பின்னால் ஒரு கூட்டம் ‘தண்ணி’ விளையாடிக்கொண்டிருந்தது. நம்ம ‘தண்ணி’தான், இங்கே அது ஒரு சீட்டாட்டத்தின் பெயர். எங்கள் தெருப் பையன் ஒருவன் பேட்டும் கையுமாகவே வந்திருந்தான். தாடி வைத்த அந்த 21 வயதுப் பையன் ஆடுகளத்துக்கு நடந்தபோது புல்மேடு எழுந்து நின்றது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்கூட நின்றார்கள். 1 ரன். அவர் திரும்பி நடந்தபோது, எங்களுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணக் குரலில் ஒரே வார்த்தை சொன்னார்: ‘கோட்டா.’ அங்கிள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 0. வெளிச்சம் போய் ஆட்டம் நின்றபோது தென்னாப்பிரிக்காவின் கையில் 2 விக்கெட்தான் பாக்கி. தப்பித்தோம் என்ற பேச்சில் அந்த 0 கொஞ்சம் மறைந்தது.

அந்த ஒற்றை வார்த்தைக்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. 1990-களின் கடைசியில் கிரிக்கெட் வாரியம் அணிகளில் வெள்ளையரல்லாதவர்களுக்கு இலக்கு வைத்தது. 1998-ல்தான் மகாயா நிதினி, முதல் கறுப்பின ஆப்பிரிக்கராக டெஸ்ட் ஆடினார் என்றால் அந்த இலக்கின் தேவை விளங்கும். 2002 ஜனவரியில் சிட்னி டெஸ்டுக்குத் தேர்வாளர்கள் வெள்ளையரான ஜாக் ருடால்ஃபைத் தேர்ந்தெடுக்க, வாரியத் தலைவர் பெர்சி சோன் தலையிட்டு வெள்ளையரல்லாத ஜஸ்டின் ஒன்டாங்கை ஆட வைத்தார். ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தியது. அதில் அடிபட்டது ருடால்ஃப் மட்டுமில்லை, ஒன்டாங்கும்தான். ஒருவரை இப்படி இறக்கிவிட்டால் அவர் அடிக்கிற ரன்னுக்கு நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறார்கள், அடிக்காத ரன்னுக்கு ஆச்சரியக் குறி. அப்புறம் வந்த ஒவ்வொரு வெள்ளையரல்லாத வீரரும் அந்தக் குறியைச் சுமந்தார். 8 இன்னிங்ஸில் 4 சதம் அடித்துவிட்டு வந்தவரும் விதிவிலக்கில்லை.

அந்தக் கோடையில் இதை இன்னும் கசப்பாக்க ஒருவர் வந்தார்: கெவின் பீட்டர்சன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்து நேட்டாலுக்கு ஆடியவர். ஒதுக்கீட்டைக் காரணம் சொல்லி இங்கிலாந்துக்குப் போனவர். டெஸ்ட் தொடர் முடிந்து ஒருநாள் தொடர் தொடங்கியதும் இங்கிலாந்துச் சட்டையில் இங்கே வந்து, ரசிகர்கள் ஊளையிட ஊளையிட 3 சதம் அடித்தார். ஒரே மாகாணத்துக்காரர்கள் இருவர். ‘கோட்டாவால் போனவன்’ கொளுத்துகிறான், ‘கோட்டாவால் வந்தவன்’ முட்டை போடுகிறான். தேநீர்க் கடைப் பேச்சுக்கு இதைவிட வசதியான கதை அமையுமா? ஆம்லாவின் இரண்டு டெஸ்டும் அந்தத் தொடரில் 4 இன்னிங்ஸில் 36 ரன்னோடு முடிந்திருந்தன. அவரை நீக்கினார்கள்.

இங்கேதான் அங்கிளின் நோட்டு உதவுகிறது. சில பக்கம் முன்னால் புரட்டினால் ஜாக் காலிஸ். 1995 டிசம்பர், இதே கிங்ஸ்மீட், இதே இங்கிலாந்து, அறிமுக டெஸ்ட். ரன்? 1. முதல் டெஸ்ட் சதம் வர 1997 டிசம்பர் ஆனது, மெல்பர்னில் 101. நடுவில் யாரும் ‘இவனை யார் கொண்டுவந்தது?’ என்று கேட்கவில்லை. ‘சின்னப் பையன், வருவான்’ என்றார்கள். வந்தார். கிங்ஸ்மீடில் எடுத்த அதே 1 ரன், ஒருவருக்குத் தொடக்கம், இன்னொருவருக்கு ஆதாரம். பேட்ஸ்மேனின் முதல் 6 இன்னிங்ஸ் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஒரு நல்ல பந்து, ஒரு கெட்ட முடிவு, ஒரு தவறான ஷாட், அதற்குள் ஆறும் தீர்ந்துவிடும்.

சரி, பேட்டிங்கில் குறையே இல்லையா என்றால், இருந்தது, அல்லது இருந்த மாதிரி தெரிந்தது. அதையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

ஆம்லா பந்துக்காகக் காத்திருக்கும்போது மட்டை நேராகப் பின்னால், ஸ்டம்பை நோக்கிப் போவதில்லை. கல்லி பக்கமாக, அதாவது ஸ்லிப்பையும் தாண்டி ஆஃப் பக்கமாகச் சாய்ந்து, உயர எழுந்து, அங்கிருந்து ஒரு வட்டமடித்து இறங்கும். பயிற்சிப் புத்தகம் சொல்வது வேறு: மட்டை நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், ஊஞ்சல் மாதிரி. வட்டமடித்தால் தூரம் அதிகம், தூரம் அதிகமானால் நேரம் அதிகம். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டைக்கு வர அரை விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. அதில் பாதி பந்தின் நீளத்தைக் கண் கணிப்பதற்கே போய்விடும். மீதியில் மட்டை சுற்றி வந்தால் காலடியில் விழும் பந்துக்குத் தாமதம், உடம்பை நோக்கி எழும் பந்துக்குத் திணறல். உள்ளூரில் வேகம் கொஞ்சம் குறைவு, சமாளித்துவிடலாம். டெஸ்டில் இங்கிலாந்தின் ஹார்மிசன் மாதிரி உயரமான ஆள் எகிற வைத்தால் அந்தக் கொஞ்ச நேரம்தான் விக்கெட்டின் விலை.

சாட்ஸ்வொர்த்திலேயே இரண்டு கட்சி. ‘மட்டையை நேராக்கினால்தான் பிழைப்பான்’ என்று ஒன்று. அங்கிள் மற்றது. தெருவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பேட்டைப் பிடுங்கி எனக்குச் செய்து காட்டினார். முழங்கால் வலியோடு குனிந்து, மட்டையைச் சுவர்ப்பக்கம் சாய்த்துத் தூக்கி, உச்சியில் நிறுத்தினார். ‘பாருங்க தம்பி, மேல கோணலா நிக்கட்டும், யாருக்கு என்ன? பந்து வரப்போ கீழ எப்படி வருது, அதைப் பாருங்க.’ மெதுவாக இறக்கினார். கடைசி இரண்டடியில் மட்டையின் முகம் நேராகத்தான் வந்தது. டான் பிராட்மேனின் மட்டையும் ஸ்லிப் பக்கமாகத்தான் எழும் என்பது பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வட்டத்தில் ஒரு லாபமும் உண்டு. மட்டை வெளியிலிருந்து உள்ளே வருவதால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும் பந்தையும் மணிக்கட்டைத் திருப்பி லெக் பக்கம் தள்ளலாம். பந்துவீச்சாளர் சரியான இடத்தில் போட்டுவிட்டு, பந்து மிட்விக்கெட்டுக்கு ஓடுவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நிற்பார். ஆம்லாவின் பிற்கால ரன்களில் கணிசமானவை அந்த வகை. குறை என்று சொன்னதும் சொத்து என்று பின்னால் புகழ்ந்ததும் ஒரே அசைவைத்தான். ஓய்வு பெறும்வரை அந்த மட்டை கல்லியை நோக்கித்தான் எழுந்தது.

மாற்ற வேண்டியது வடிவமில்லை, நேரம் என்பது என் கருத்து. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது மட்டை உச்சிக்குப் போய்விட்டிருந்தால் வட்டம் பிரச்சினையே இல்லை. அதற்குத் தேவை அமைதி. மூன்று டெஸ்டில் தன்னை நிரூபி, இல்லாவிட்டால் ஒரு சமூகத்தையே தலைகுனிய வைத்தாய் என்ற நிலையில் யாருக்கு அமைதி வரும்? சொல்லப்போனால் புல்மேட்டில் எழுந்து நின்ற நாங்களும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு ஏற்றினோம். கீழே இருந்தவர் ‘கோட்டா’ என்றார், நாங்கள் ‘முதல் இந்தியர்’ என்றோம். பேட்ஸ்மேன் என்று யாரும் சொல்லவில்லை.

ஏறக்குறைய 15 மாதம் டால்ஃபின்ஸுக்கே ஆடினார். 2006 ஏப்ரல் கடைசியில் கேப்டவுனில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடி கூப்பிட்டார்கள். நியூசிலாந்து 593 அடித்து மூடியிருந்தது, ஸ்டீபன் ஃபிளெமிங் மட்டும் 262. ரன் எடுக்க உகந்த ஆடுகளம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அதில் நின்று ஆட வேண்டுமே. ஆம்லா 149. அதே இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 108 எடுத்தவர் ஆஷ்வெல் பிரின்ஸ், அவரும் ‘கோட்டா’ என்ற சொல்லைக் காது புளிக்கக் கேட்டவர். தென்னாப்பிரிக்கா 512. ஆட்டம் டிரா, பெரிதாக நினைவுகூரும் டெஸ்ட் இல்லை. எனக்கு அந்த இரண்டு பெயர்களும் ஒரே ஸ்கோர்போர்டில் இருந்ததுதான் நினைவு.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சில மாதத்தில் கொழும்பு டெஸ்டில் ஒரு வெளிநாட்டு வர்ணனையாளர், மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து, ஆம்லாவின் தாடியைப் பார்த்துப் பயங்கரவாதி என்றார், வேலையும் போனது. மதுபான நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் போட மாட்டேன் என்று ஆம்லா மறுத்தது பற்றியும் பேச்சுகள். எல்லாவற்றுக்கும் அவர் பதில் அதிகம் சொன்னதில்லை. 2007 நவம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 176, செஞ்சூரியனில் 103. இரண்டு முறையும் எதிர் முனையில் சதமடித்தவர் காலிஸ். 2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் 159, இரண்டாவது இன்னிங்ஸில் 81. சேவாக் 319 அடித்ததால் நம் ஊரில் அந்த 159 யார் நினைவிலும் இல்லை. அங்கிள் மட்டும் சென்னை எங்கே இருக்கிறது, தன் தாத்தா கப்பலேறிய துறைமுகம் அந்த மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று என்னிடம் விசாரித்தார். நடந்தே போகலாம் என்றேன்.

நம் தமிழ்ப் பெயரோடு ஒருவர் வர இன்னும் 11 ஆண்டு. 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் செனுரன் முத்துசாமி அறிமுகமானார். டர்பனில் பிறந்தவர், முன்னோர் நாகப்பட்டினத்துக்காரர்கள், படித்தது இங்குள்ள கிளிஃப்டன் பள்ளி. மறுபடியும் ஒரு நல்ல பள்ளி, மறுபடியும் அறிமுகம் இந்தியாவுக்கு எதிராக, இந்தியாவில். முதல் டெஸ்ட் விக்கெட்டாகவே விராட் கோலி. பேட்டிங்கில் 33, 49, இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. அதே தொடர் முடிவதற்குள் அணியிலிருந்து வெளியே. இந்த முறை ‘கோட்டா’ என்ற முணுமுணுப்பு என் காதில் விழவில்லை. 2004-க்கும் 2019-க்கும் நடுவில் ஆம்லா 9,282 ரன் எடுத்திருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்றைக்கு அங்கிள் புதிய பக்கம் எடுத்து ‘முத்துசாமி’ என்று எழுதி, 33*, 49* என்று போட்டார். கீழே ஏழெட்டு வரி விட்டுவிட்டுக் கோடு கிழித்தார். 2025 அக்டோபரில் லாகூரில் 11 விக்கெட், அடுத்த மாதம் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109. அங்கிளுக்கு இப்போது கண்ணில் புரை. அந்த 109-ஐ நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 9 சரியாக விழவில்லை, 4 மாதிரி இருக்கிறது என்று திருத்தச் சொன்னார்.